ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

அந்த வீட்டில் தொலைபேசி மூன்றாவது மணி அடிக்கக் கூடாது. அது அங்கே சட்டம். அடுப்பில் பால் பொங்கட்டும், குளியலறையில் தலைக்கு சோப்பு போட்டுக்கொண்டு நிற்கட்டும், இரண்டாவது மணி ஓய்வதற்குள் தையல்காரி ஓடிவந்து எடுத்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் எடுக்கிறாள். எடுத்தால் பேசுவது பெரும்பாலும் பல்லுக்கு இலவசப் பரிசோதனை செய்கிறோம், வருகிறீர்களா என்று கேட்கிற ஆட்கள். "வேண்டாம்மா" என்று வைக்கும்போது அவள் முகத்தில் எரிச்சலே இருக்காது. அப்பாடா, லைன் உயிரோடு இருக்கிறது என்ற நிம்மதிதான் இருக்கும்.

ஊரெல்லாம் கைபேசிக்கு மாறிவிட்டது. அவளிடமும் ஒன்று உண்டு. ஆனால் அந்த நம்பர் அவள் மகளுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரிந்தது வீட்டு நம்பர் ஒன்றுதான். அதையும் நாலரை வயதில் தெரிந்துகொண்டு, நாலரை வயதிலேயே காணாமல் போனாள்.

அவளை எல்லாரும் பொத்தான் என்று கூப்பிடுவார்கள். உதிர்ந்த பொத்தான் எங்கே கிடந்தாலும் பொறுக்கி முடிந்துவைத்துக்கொள்கிற பிள்ளை. தையல்காரி அப்போது ஒரு பெரிய துணிக்கடையின் மூன்றாவது மாடியில் ஆல்ட்ரேஷன் வேலை பார்த்தாள். கீழே வாடிக்கையாளர் பேன்ட் வாங்குவார், நீளம் குறைக்க மேலே அனுப்புவார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் நாலு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, தரையெல்லாம் நூல். அம்மாவின் மெஷினுக்கு அடியில், மிதிக்கும் காலுக்குப் பக்கத்தில், பொத்தானின் குடித்தனம்.

அங்கேதான் நம்பர் பாடமானது. மிதி ஏறி இறங்குகிற தாளத்துக்கு அம்மா ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, பிள்ளை பாட்டாகவே பிடித்துக்கொண்டாள். நாலு ரெண்டு ரெண்டு, ஏழு ஒண்ணு அஞ்சு. ஒரே ஒரு சிக்கல். 'ழ' அந்த வாயில் நுழையவே நுழையாது. மழை அவளுக்கு 'மட்டை'. பழம் 'பட்டம்'. ஏழு 'ஏட்டு'. "நாலு ரெண்டு ரெண்டு, ஏட்டு ஒண்ணு அஞ்சு" என்று அவள் கழுத்தை ஆட்டிப் பாடும்போது நாலு மெஷின்காரிகளும் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஏழும் எட்டும் கல்யாணம் பண்ணிப் பெத்த பிள்ளைடி இந்த ஏட்டு என்பாள் ஒருத்தி. எட்டை மட்டும் 'எட்டு' என்று சுத்தமாகச் சொல்வாள். அதனால் வீட்டில் யாருக்கும் குழப்பமே வந்ததில்லை. எட்டு என்றால் எட்டு, ஏட்டு என்றால் ஏழு.

சித்திக்குத்தான் பொத்தான்மேல் உயிர். தையல்காரியின் தங்கை அவள், பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. "ஒரு நாளைக்கு ரெண்டு பட்டம் வாங்குறா உன் பொண்ணு. பாத்துக்கிட்டே இரு, எங்கேயோ போகப் போறா" என்று கொஞ்சுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிற்பாடு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள், பாவம்.

அன்றைக்கு ஒரு ஹோட்டலின் சீருடை வேலை. நாற்பது பேன்ட், நாலு மணிக்குள் முடியவேண்டும். பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மெஷினை நிறுத்தும்மா." எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அப்படித்தான் ஆரம்பிப்பாள், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் அவள் குரல் எடுபடாது. "இரு கண்ணு, இந்த ஒரு கால் முடிச்சிடறேன்" என்றாள் அம்மா. ஒரு கால் முடிந்தது. பேன்ட்டுக்குக் கால் ரெண்டாயிற்றே, கையோடு இன்னொன்றையும் முடித்தாள். குனிந்து பார்த்தால் மெஷினுக்கு அடியில் நாலு பொத்தான்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஆளுக்கொரு கதை முளைத்தது.

புருஷனின் கதை தண்ணீர். அவருக்கு வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற உத்தியோகம், அதனால் மதகுக்காரர் என்றே பெயர். துணிக்கடைக்குப் பின்னால் ஓடுவது அவருடைய வாய்க்கால்தான். அன்றைக்கு மூன்றரைக்கு மதகைத் திறந்தது அவர் கைதான். பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போயிருப்பாள், தண்ணீர் வந்திருக்கும், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. ஆறு நாள் வாய்க்காலை வற்றவைத்துத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது அவரை அசைக்கவே இல்லை.

சித்தியின் கதை பஸ். எந்த பஸ்ஸில் ஏறினாலும் சித்தியிடம் வந்துவிடலாம் என்று பிள்ளைக்கு விளையாட்டாகச் சொல்லிவைத்தவள் அவள். ஏதோ வெளியூர் பஸ்ஸில் ஏறிப் போய், எங்கோ கண்காணாத ஊரில், யார் வீட்டிலோ வளர்கிறாள் என்பாள். விசாரித்த அதிகாரிக்கு வேறு கதை. சிவப்புப் பை வைத்திருந்த ஒரு பெண் கடைக்குள் சுற்றியதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார்; பிள்ளை பிடிக்கிறவள்தான், சந்தேகமே இல்லை. வாட்ச்மேனிடம் அதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்டார் என்பது அவருக்கு உறுத்தல். ஓய்வுபெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு "ஏதாவது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். துணிக்கடைக்காரர்கள் சொன்ன கதை ஒன்றும் உண்டு. பெத்தவளே ஏதாவது பண்ணியிருப்பாள் என்று. அதைச் சொன்ன வாய்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் சாப்பிடுகின்றன.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். புருஷன், சித்தி, அதிகாரி மூவரும் தங்கள் தலையில் பழியைப் போட்டுக்கொள்ள எது தோதாக இருந்ததோ அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். தையல்காரியிடம் கதையே கிடையாது. எப்படிப் போனாள், யாரோடு போனாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. "அவளுக்கு நம்பர் தெரியும். கூப்பிடுவா" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

புருஷனும் பெண்டாட்டியும் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டது ஒரே ஒரு சொல்லில்தான். "நம்ம பொண்ணு நல்லாப் பாடுவா, கெட்டிக்காரியா இருந்தா" என்று அவர் சொல்வார். "இருக்கா" என்று இவள் திருத்துவாள். அவர் எழுந்து போய்விடுவார். பத்தொன்பது வருஷமாக 'இருந்தா'வும் 'இருக்கா'வும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டன.

இப்போது அந்தப் போனுக்கே நாள் குறித்துவிட்டார்கள். கம்பி லைனையெல்லாம் மாசக் கடைசியோடு எடுத்துவிடப் போகிறோம் என்று டெலிபோன் ஆபீஸிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் அவள் மெஷின் இழுப்பறையில் போட்டு மூடினாள். மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, ஆபீஸிலிருந்து ஒரு பெண்ணே நேரில் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும், தோளில் கருவிப் பை, கையில் பழைய ஃபைல்.

"அக்கா, மூணு லெட்டர் போட்டோம். பதிலே இல்லியே."

"இந்த நம்பரை மட்டும் விட்டுடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என் கையில என்னக்கா இருக்கு? புது கேபிள் இந்தத் தெருவுக்கு வரல. நம்பர் செத்துடும். கைபேசி வெச்சிருக்கீங்கல்ல?"

"அது அவளுக்குத் தெரியாதே."

"யாருக்கு?"

தையல்காரி சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது. ஆபீஸ்காரி கேட்டுவிட்டு, பையை இறக்கிவைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாயில் மதகுக்காரர் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழுந்ததும் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

"ரெண்டு நாள் இருக்கு. கடைசி நிமிஷம் வரைக்கும் நான் வெட்டாமப் பாத்துக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாதுக்கா" என்றாள் ஆபீஸ்காரி. அழுகிறவளை நேரே பார்க்க முடியாதவர்கள் செய்கிற மாதிரி ஃபைலைத் திறந்துகொண்டாள். "நம்பரை ஒரு தடவை சொல்லுங்க. சரிபாத்துக்கறேன்."

தையல்காரிக்கு அந்த நம்பரை வேறு விதமாகச் சொல்ல வராது. ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று யாரிடமாவது கொடுக்க வேண்டுமென்றால் எழுதித்தான் கொடுப்பாள். வாயால் சொன்னால் பாட்டாகத்தான் வரும். அன்றைக்கு எழுதத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு நாளில் சாகப்போகிற நம்பரை, பிள்ளை சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"நாலு ரெண்டு ரெண்டு, ஏட்டு ஒண்ணு அஞ்சு."

ஆபீஸ்காரியின் பேனா ஒவ்வொரு எண்ணாகப் போய், பாதியில் நின்றது. "ஃபைல்ல ஏழுன்னுல்ல இருக்கு. நீங்க எட்டுங்கறீங்க."

"எட்டு எங்கே சொன்னேன்? ஏட்டுன்னேன்."

"அதாங்க்கா. எட்டு."

"எட்டு இல்லம்மா, ஏட்..."

சொல் வாயிலேயே நின்றுவிட்டது. தையல்காரி மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆபீஸ்காரியின் தாளைப் பார்த்தாள். நாலு, இரண்டு, இரண்டு, எட்டு. முழுதாக, சந்தேகமில்லாமல், கறுப்பு மையில் ஒரு எட்டு.

நாலரை வயதுப் பிள்ளைக்குப் போன் எங்கே எட்டும்? யாராவது பெரியவர்கள்தான் நம்பர் கேட்டிருப்பார்கள். அவள் பாடியிருப்பாள். கேட்டவர்கள் இந்த வீட்டுக்காரர்களா, ஏட்டு என்றால் ஏழு என்று தெரிந்துகொள்ள? போலீஸுக்கு எழுதிக் கொடுத்ததும் ஏழு, நோட்டீஸில் போட்டதும் ஏழு. அவள் பாடுவதை வெளியாள் யாராவது கேட்டால் என்ன எழுதுவார்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் யோசிக்கவில்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை. மதகுக்காரர் ஈரக் கையோடு வந்தார். "பத்தொன்பது வருஷமா நான் வேற வாசல்ல நின்னுட்டு இருந்திருக்கேங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. ஆபீஸ்காரி தாளைக் காட்டிச் சொன்னாள். புரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. "விடு. அந்த நம்பர் இப்போ யாருகிட்ட இருக்கோ. எதுக்கு இதெல்லாம்? தாங்க மாட்டே" என்றார். தாங்க மாட்டாமல் நின்றது அவர்தான்.

அதற்குள் அவள் விரல் போனில் நாலு ரெண்டு ரெண்டைத் தாண்டி எட்டை அழுத்திவிட்டது. ஆபீஸ்காரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். மணி போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இந்த ஊரில் மூன்றாவது மணிக்கு மேலும் அடிக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"அச்சகம்!" என்றது ஒரு வயதான ஆண் குரல். அதற்குப் பின்னால் தடதடவென்று ஓயாத சத்தம்.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கணும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால..."

"என்னம்மா? சத்தமாப் பேசுங்க, இங்கே ஒண்ணும் கேக்கல!"

"ஐயா, கொஞ்சம் மெஷினை நிறுத்துங்களேன்!"

சத்தம் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு தணிந்தது, நின்றது. அச்சகக்காரர் மறுபடி பேசியபோது குரலே வேறாக இருந்தது.

"நீங்க யாரும்மா?"

"ஏன் ஐயா?"

"இல்ல... இதே மாதிரி ஒரு குழந்தை சொல்லும். மெஷினை நிறுத்தும்மா, மெஷினை நிறுத்தும்மான்னு. அது ஆச்சு, இந்த மெஷின் வாங்கின புதுசுல. பதினெட்டு பத்தொன்பது வருஷம் இருக்கும். நல்ல மழைக்காலம்."

பொத்தான் போனது கோடையில். மழைக்காலம் என்றால் ஐந்தாறு மாசம் கழித்து. மதகுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாய்க்காலில் போன பிள்ளை ஆறு மாசம் கழித்துப் போன் பேசாது.

"எத்தனை தடவை ஐயா பேசினா?"

"அஞ்சாறு தடவை இருக்கும்மா. முதல் தடவை யாரோ ஒரு பொம்பளை பேசினாங்க, இது யார் வீடுன்னு. சத்தத்துல சரியா விழல, ராங் நம்பர்னு வெச்சுட்டேன். அப்புறம் போட்டு நேரா குழந்தைகிட்டயே குடுத்துடுவாங்க. யாரோ பிள்ளைக்கு வேடிக்கை காட்டுறாங்கன்னு நெனச்சேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் குரலைக் கேக்கணும்னு இருக்கும். கடைசித் தடவை மெஷினை நிறுத்திட்டு, சொல்லும்மான்னேன். அப்பாவான்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்லிட்டேம்மா. தப்புத்தான். ஆசையில சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"இங்கே நாய்க்குட்டி இருக்குன்னு சொல்லுச்சு. அப்புறம் ஏதோ காலைப் பத்திக் கேட்டுச்சு. அம்மா அந்தக் காலை முடிச்சாச்சான்னு. எனக்குப் புரியல. யாருக்கோ கால்ல அடி போலன்னு, முடிச்சாச்சும்மான்னேன்."

தையல்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகை வெளியே வந்தால் அடுத்த வார்த்தை கேட்காமல் போய்விடும்.

"அப்போ வந்து கூட்டிட்டுப் போங்கன்னுச்சு. சரிம்மா, நாளைக்கு வரேன்னேன். அதுக்கப்புறம் போனே வரல. நானும் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன்." அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அம்மா... அது உங்க குழந்தையா?"

"ஆமாங்கய்யா."

"ஐயோ" என்றார் அச்சகக்காரர்.

ஆபீஸ்காரி தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, வெளியூர்லேருந்து இந்த ஊருக்குப் போடணும்னா முன்னால ஊர் நம்பர் போடணும். குழந்தைக்கு இந்த ஆறு நம்பர்தானே தெரியும்? அதை மட்டும் போட்டு லைன் கிடைச்சிருக்குன்னா, அது இந்த ஊருக்குள்ளேயேதான்."

எல்லாருடைய கதையும் அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. தண்ணீரும் இல்லை, வெளியூர் பஸ்ஸும் இல்லை. பிள்ளை பிடிக்கிறவள் வீட்டு நம்பர் கேட்டுப் போன் போட்டுக் கொடுப்பாளா? யார் அந்தப் பெண், ஏன் போலீஸுக்குப் போகவில்லை, எந்த வீடு, எந்தத் தெரு, எதற்கும் பதில் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்: பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, மழைக்காலத்தில், இதே ஊரில், பொத்தான் ஒரு நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு வேலை முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு ஐந்து தடவை காத்திருந்தாள். ஆறாவது தடவை அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். அதனால் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார் அச்சகக்காரர். "நான் நோட்டீஸ் அடிக்கிறேன். ராத்திரி பகலா அடிக்கிறேன். ஊர்ல ஒரு சுவர் பாக்கி விடாம ஒட்டிடறேன். என்ன போடணும்னு மட்டும் சொல்லுங்க. போட்டோ இருக்கா?"

"நாலரை வயசு போட்டோதான் இருக்கு. அது வேண்டாம் ஐயா." தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்படிப் போடுங்க. அந்தக் கால் முடிஞ்சுது கண்ணு. அம்மா மெஷினை நிறுத்திட்டேன். அவ்வளவு போதும். அவளுக்குப் புரியும். கீழே நம்பர்..." என்றவள் சட்டென்று நின்றாள். மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள். பிறகு கைபேசி நம்பரை, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எந்த எண்ணையும் பாடவில்லை.

திரும்பிப் பார்த்தால் புருஷன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் பொத்தான்கள் ஒன்று விட்டு ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது, மற்றதைக் குனிந்து தேடினார்.

"எங்கேங்க?"

"நாளைக்கு வரேன்னு சொல்லியாச்சு இல்ல?" என்றார், அவளைப் பார்க்காமலே. "கிளம்பு. ஏற்கெனவே லேட்டு. குழந்தை காத்துட்டு இருக்கா."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அவள் அவரைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.